பாஸ்வேர்டைப் பார்க்காமலே கதவைத் திறக்கும் வைஃபை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் பரீட்சை வேலையாகத் திருகோணமலை வளாகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இறங்கி வாசலைத் தாண்டும்போதே அவருடைய போன் வைஃபையோடு இணைந்துவிடுகிறது. யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் எடுரோம் வசதி, அதாவது பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை ஏற்பாடு, இருந்தால் இப்படித்தான் நடக்கும். 2002 இல் நெதர்லாந்துக்காரரான கிளாஸ் வீரெங்கா முன்மொழிந்த யோசனை இது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கிறது.

இந்த வளாகத்தில் அவருக்குக் கணக்கே கிடையாது. அப்படியென்றால் அவரை யார் உள்ளே விட்டது?

கூரையில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி, அதாவது அக்சஸ் பொயின்ட், எதையும் தீர்மானிப்பதில்லை. புதிதாக வரும் போனிடமிருந்து அடையாளம் சம்பந்தப்பட்ட தகவலை மட்டும் வாங்கும், மற்ற எல்லாவற்றையும் தடுத்து வைக்கும். வாங்கியதை வளாகத்துக்குள் இருக்கும் ரேடியஸ் சேர்வருக்கு, அதாவது யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் கணினிக்கு, அனுப்பும். அந்த சேர்வர் பார்ப்பது பயனர் பெயரில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை. அது நம்முடைய வளாகத்தின் பெயர் இல்லையென்றால், லேர்ன் நடத்தும் தேசிய சேர்வருக்குத் தள்ளிவிடும். லேர்ன் என்பது இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு. 2020 முடக்க காலத்தில் சூம் விரிவுரைகளுக்குத் தோள்கொடுத்ததும் அதுதான். தேசிய சேர்வர் கேள்வியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும். வெளியூர்க்காரர் ஒருவரைப் பற்றி அவருடைய ஊர்க் கிராம சேவகரிடம் விசாரிப்பது போலத்தான்: "இவர் உங்கட ஆள்தானா?"

இவ்வளவு தூரம் போய்வர நேரம் எடுக்காதா? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ஒரு கணக்குக்கு, திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதியால் சுமார் 260 கிலோமீற்றர். அவ்வளவு நீளமான இழையில் போய்த் திரும்ப 3 மில்லிசெக்கன் கூட ஆகாது. ஒரு தடவை இணைவதற்குள் இந்தக் கேள்வி பதில் பல முறை நடக்கும். இருந்தாலும் நாம் கவனிப்பதற்குள் முடிந்துவிடும்.

இனி முக்கியமான இடம். வழியில் இத்தனை சேர்வர்கள் இருந்தும் அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பாஸ்வேர்ட் தெரியாது. யாழ்ப்பாண சேர்வர் முதலில் தன்னுடைய டிஜிட்டல் சான்றிதழை போனுக்குக் காட்டும். போன் அதைச் சரிபார்த்து, அந்த சேர்வரோடு நேரடியாக ஒரு மறைகுறியிட்ட சுரங்கப்பாதையை அமைக்கும். போனில் ஏற்கெனவே பதிந்திருக்கும் பாஸ்வேர்ட் அதற்குள்ளால்தான் போகும். நடுவில் இருக்கும் திருகோணமலையும் லேர்னும் மூடிய பொதியைக் கைமாற்றுவதோடு சரி. 'ஆம்' என்று பதில் வரும்போது கூடவே ஒரு சாவியும் வரும். அதிலிருந்து அந்த போனுக்கு மட்டுமான குறியீட்டுச் சாவிகள் உருவாகும். வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதால், நீங்கள் இணையும் கணத்தைப் பதிவுசெய்தவர் பாஸ்வேர்டும் தெரிந்தவராக இருந்தால் உங்கள் போக்குவரத்தை அவிழ்த்துப் பார்க்க வழியுண்டு. இங்கே அந்த வழி இல்லை.

ஆனால் இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரே தட்டலில் கெடுத்துவிடலாம். புதிய மாணவர் ஒருவர் போனை நீட்டி, "அண்ணா, சேர்ட்டிபிகேட் எண்டு கேக்குது, என்ன போடுறது?" என்பார். "அது ஒண்டும் தேவையில்லை, டோன்ட் வலிடேட் குடு" என்று பதில் வரும். உடனே இணைந்துவிடும், இருவருக்கும் சந்தோஷம். 'டோன்ட் வலிடேட்' என்றால் 'சான்றிதழைச் சரிபார்க்காதே'. அந்தத் தெரிவின் அர்த்தம் இதுதான்: எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் பரவாயில்லை, சுரங்கப்பாதையை அமை.

எடுரோம் என்ற பெயரை எவரும் தன் மடிக்கணினியிலிருந்து ஒலிபரப்பலாம். சான்றிதழைப் பார்க்காத போன் அந்தப் போலியை நம்பித் தானாகவே இணையப் போகும். சில அமைப்புகளில் பாஸ்வேர்ட் அப்படியே போய்ச் சேரும். மற்றவற்றில் எம்எஸ்சாப் வி2 என்ற முறையில் உருமாறிப் போகும். அதுவும் பெரிய காவல் இல்லை. 2012 இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான மொக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் அதை ஒரு நாளுக்குள் உடைத்துக் காட்டினார்கள். மின்னஞ்சலுக்கும் பாடங்களைப் பார்க்கும் எல்எம்எஸ் தளத்துக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால் நட்டம் வைஃபையோடு நிற்காது. ஆண்ட்ராய்ட் 11 காலத்திலிருந்து கூகுள் அந்த 'டோன்ட் வலிடேட்' தெரிவையே நீக்கத் தொடங்கியது. அதைப் பலர் தொல்லை என்று திட்டினார்கள். என்னைக் கேட்டால், எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. சான்றிதழையும் சேர்வர் பெயரையும் சரியாகப் பதிந்துகொள்ள எடுரோமுக்கென்றே அமைப்புச் செயலி இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால் கையால் எதையும் தட்டவேண்டியதில்லை.

அப்புறம் ஒரு குழப்பம். நாலு கோடு சிக்னல் இருக்கும், ஆனால் விருந்தாளியின் போன் மட்டும் இணையாது. திருகோணமலை ஆட்களை ஏசிப் பயனில்லை. அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தில் கரண்ட் போய் அங்குள்ள சேர்வர் படுத்திருந்தால் இங்கிருந்து கேட்கும் கேள்விக்குப் பதிலே வராது. பாஸ்வேர்ட் பிழை என்றால் 'இல்லை' என்று உடனே பதில் வரும். சேர்வர் படுத்திருந்தால் காத்திருப்பு நேரம் முடிந்ததாகப் பதிவாகும். கணினிப் பிரிவினர் ரேடியஸ் பதிவேட்டில் முதலில் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.