'சும்மா வீட்டில் இருக்கிற' அக்காவின் சம்பளம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த எங்கள் ஆயாவை (பாட்டியை) குளிப்பாட்டுவது, இன்சுலின் போடுவது, படுக்கைப்புண் வராமல் இரவில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்தான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா வீட்டில்தான்" என்பார்.

அந்தச் 'சும்மா'வுக்குக் கணக்குப் போடலாம். அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி என்று பார்ப்பது ஒரு வழி. தென்னாப்பிரிக்காவில் 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. நாளுக்கு 6 மணி நேரம் என்று குறைத்தே போட்டாலும் 30 நாளுக்கு 5,182 ராண்ட் வருகிறது. முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு முழுநேரத் துணை தேவையென்றால் அரசு கூடுதலாகக் கொடுத்தது, அதே ஆண்டு ஏப்ரல் கணக்கில், மாதம் 560 ராண்ட். அதுவும் ஆயா பெயரில்தான் வரும்.

வெளியே போயிருந்தால் அக்கா என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது இன்னொரு வழி. எனக்கு இது பிடிக்காது. ஒரே துணியை மாற்ற, கணக்காளர் மகளுக்கு ஒரு விலை, கடையில் நிற்கும் மகளுக்கு ஒரு விலை!

சரி, உடம்பு என்ன ஆகிறது? 1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில் உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு ஒரு சோதனை செய்தது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட 13 பெண்கள், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் போட்டார்கள். பராமரிப்பவர்களுக்கு அது ஆற ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. காயம் ஆறத் தொடங்க முதலில் அங்கே கொஞ்சம் அழற்சி, அதாவது சிவந்து வீங்குவது, வேண்டும். தோலைச் சீர்படுத்தும் செல்களை அதுதான் கூப்பிடுகிறது. ஓயாத மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அந்த அழைப்பை அமுக்கிவிடுகிறது.

அதற்காகப் பராமரிப்பே ஆளைக் கொல்லும் என்று சொல்லிவிட முடியாது. 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு அதில் நொந்துபோன முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 63% கூடுதலாக இருந்தது. நோகாமல் செய்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் பராமரிப்பவர்களின் இறப்பு மற்றவர்களைவிட 18% குறைவு! ஆக, மணிக்கணக்கை மட்டும் பார்த்துப் பயனில்லை. மாற்றிவிட ஆள் உண்டா, இரவில் தூக்கம் உண்டா என்று கேட்க வேண்டும்.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் என் தம்பி ஆயா பக்கத்தில் படுக்கிறான். முதல் வாரம் அக்கா மூன்று முறை எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.