ஊர்தியிடைத் தொடர்பாடல்

கந்தளாய்ப் பக்கமிருந்து இரவில் திருகோணமலைக்கு வரும்போது எதிரே வரும் லொறி இரண்டு தரம் லைட் அடித்தால், எங்கள் ஆட்கள் உடனே வேகத்தைக் குறைப்பார்கள். முன்னால் யானை நிற்கிறது, இல்லையென்றால் ஏதோ விபத்து. ஒரு வண்டி இன்னொரு வண்டிக்கு வாய் திறக்காமல் சொல்லும் இந்தச் சேதியை வானலை வழியே சொல்ல வைப்பதுதான் 'வி2வி'.

'வி' என்பது வெஹிக்கிள். நடுவிலுள்ள 2, 'டு' என்ற ஒலிக்காகப் போட்டது. வீதிச் சமிக்ஞை விளக்கு, பாதசாரி என்று எதனோடும் வண்டி பேசலாம் என்றானபோது 'வி2எக்ஸ்' வந்தது.

ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், வேகம், போகும் திசை, பிரேக் பிடித்திருக்கிறதா என்பவற்றை வினாடிக்கு 10 தடவை சுற்றிலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு சேதிக்கும் அடுத்ததற்கும் இடையில் 1.7 மீற்றர்தான் நகர்ந்திருக்கும். சேதி ஏறத்தாழ 300 மீற்றர் எட்டும். முன்னால் போகும் பஸ் மறைத்திருக்க, அதற்கும் முன்னால் ஒரு கார் திடீரென்று பிரேக் போடுகிறது என்று வையுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்கும் தெரியாது; ஆனால் நம் வண்டிக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கா 1999இல் இதற்கென 5.9 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் அலைக்கற்றை ஒதுக்கியது. 2010இல் இதற்கான வைஃபை குடும்பத்து 802.11p தரம் வந்தது. பிறகு கைத்தொலைபேசி வலைத் தொழில்நுட்பத்திலும் ஒரு வழி பிறந்தது. கருவி இரண்டு வண்டியிலும் இருந்தால்தான் பயன். கருவி இல்லாமல் திருகோணமலைக் கோட்டை வாசலில் திரியும் மானுக்கு ஓட்டுநரின் கண்தான் காவல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வாகனத்திலிருந்து வாகனத்திற்கு' என்று எழுதுகிறார்கள். அது ஒருவர் இன்னொருவருக்குக் கடிதம் போடுவதுபோல் இருக்கிறது. இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு 'இடை' என்ற சிறுசொல்லே போதும்.

'வாகனம்' சுமத்தலைக் குறிக்கும் 'வஹ்' என்ற வடமொழி வேரில் பிறந்தது. வெஹிக்கிளும் அதே குடும்பத்து இலத்தீன் வேர்தான். இரண்டும் சுமையைப் பார்க்கின்றன. 'ஊர்தி' ஓட்டத்தைப் பார்க்கிறது: ஊர்தல் என்றால் நகர்தல், ஏறிச் செலுத்துதல். கோணேசர் இடப வாகனத்தில் எழுந்தருளுகிறார் என்கிறோம். சிவனுடைய அதே ஏற்றைப் புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து 'ஊர்தி வால்வெள் ஏறே' என்கிறது. பழைய சொல் என்று ஒதுக்கவும் முடியாது, லொறியைப் 'பாரவூர்தி' என்று நம் செய்திகளில் இன்றும் எழுதுகிறோம். எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று ஓட்டத்தையே சேதியாக்கும் நுட்பத்துக்கு ஊர்திதான் பொருந்தும்.

தமிழகத்தில் 'தகவல்தொடர்பு' என்பதை நாம் 'தொடர்பாடல்' என்கிறோம். உரையாடலில் உள்ள அதே 'ஆடல்' இதிலும் இருப்பதால், கொடுப்பதும் வாங்குவதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. 'கம்பியில்லா' என்று முன்னே சேர்க்க வேண்டியதில்லை. ஓடும் வண்டிகளுக்கிடையே கம்பி ஏது?

வாக்கியத்தில் வைத்தால்: 'வளைவுக்கு அப்பால் பாரவூர்தி நிற்பதை ஊர்தியிடைத் தொடர்பாடல் முன்கூட்டியே அறிவித்தது.'