ஆற்றுத் தண்ணீர் குளிக்க ஏற்றதா? சோதனை எண்களைக் கேளுங்கள்

ஆற்றில் குளித்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் அரிப்பு. ஊராட்சியில் சொன்னால் நீர்வளத்துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டுவார்கள். வாரியமோ, "சாக்கடையை விடுவது நகராட்சி" என்று முடித்துவிடும். கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் இப்படி அலைந்து ஓய்ந்துபோவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

குளிக்கும் நீருக்கு 2000-லேயே மத்திய அரசு அளவு வைத்துவிட்டது: 100 மி.லி. தண்ணீரில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) 500-க்குள் இருப்பது நல்லது, எப்படியும் 2,500-ஐத் தாண்டக் கூடாது. அதேபோல் மலக் கலப்பைக் காட்டும் இன்னொரு கிருமியான மல ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இந்த இரண்டு அளவுகளும் 100, 500.

ஏமாறும் இடம் இதுதான். எதற்குப் பயன்படும் என்பதை வைத்து ஆற்று நீரை ஏ, பி, சி என்று வகை பிரித்திருக்கிறார்கள். "உங்கள் ஆறு சி வகை, குடிநீருக்கே எடுக்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். சி வகை என்றால் சுத்திகரித்து, கிருமி நீக்கியபின் குடிக்கலாம் என்றுதான் பொருள். மொத்தக் கோலிஃபார்ம் (மலக் கோலிஃபார்மும் சேர்ந்த எண்ணிக்கை) 5,000 வரை அதில் ஏற்பு. குளிப்பதற்கு உரியது பி வகை, அதில் மொத்தக் கோலிஃபார்ம் வரம்பு 500.

மாதிரி எங்கே எடுத்தார்கள் என்பதையும் விடாதீர்கள். சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலே எடுத்த முடிவு, கீழே உள்ள படித்துறைக்குப் பொருந்தாது. நீங்களே பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்தால், "வாடிக்கையாளர் கொண்டுவந்த மாதிரி" என்றுதான் அறிக்கை வரும். அதை அலுவலகம் எளிதில் தள்ளிவிடும். காசும் போகும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். "தண்ணீர் நல்லதா?" என்று கேட்டால், கருத்துச் சொல்ல இயலாது என்று பதில் வரும். பதிவேட்டைக் கேளுங்கள்: எந்த இடம், எந்தத் தேதி, மாதவாரியாக மலக் கோலிஃபார்ம், மல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எவ்வளவு. ஆண்டுச் சராசரி மட்டும் தந்தால் ஏற்காதீர்கள், மோசமான மாதம் அதில் மறைந்துவிடும். வேறு அலுவலகத்துக்குரியது என்றால் மனுவை 5 நாளில் அவர்களே அனுப்ப வேண்டும், உங்களை அலையவிட அதிகாரம் இல்லை. 30 நாளில் பதில் இல்லையா, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. மனு கொடுத்த ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

எண் சரியாக இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமியும், மூளையைத் தாக்கும் அமீபாவும் இந்தச் சோதனையில் தெரியாது. தேங்கிய வெதுவெதுப்பான குட்டையில் பிள்ளைகளைத் தலை முழுக விடாதீர்கள். காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். குளித்த சில நாளில் காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி வந்தால், எங்கே குளித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.