உச்சி வெயிலில் செடி வாடினால் பதறாதீர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் என் போன் மத்தியானம் ஒரு மணிக்குமேல்தான் அதிகமாக அடிக்கும். மதுரை அழகர்கோவில் சாலையில் 18 வருடமாக நர்சரி நடத்துகிறேன். காலையில் செடி வாங்கிப் போகிறவர்களே மத்தியானம் அந்தச் செடிக்காகப் புலம்பவும் கூப்பிடுவார்கள்.

போன வருடம் கே.கே. நகரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, கத்திரிச் செடி எல்லாம் தலையத் தொங்கப் போட்டிருச்சு. காலைல ஊத்துனேன், இப்பவும் ஊத்திட்டேன். நிமிர மாட்டேங்குது."

"மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க டீச்சர், ஈரம் இருக்கா?"

"சதசதன்னு இருக்கு தம்பி."

சாயங்காலம் நேரிலேயே போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியில் வரிசையாக முப்பது பைகள். ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து வருகிறது. அழுகல் வாடை வேறு. வெயிலில் காய்ந்து போன செடியின் வேர் இப்படி இருக்காது. கத்திரி வெயிலில் நான் பார்க்கப் போகும் வீடுகளில் இந்தக் காட்சிதான் அதிகம். செடி வாடுகிறதே என்ற பதற்றத்தில் ஊற்றிய தண்ணீரே அதைக் கொன்றிருக்கும்.

இலையின் அடியில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகச் செடி நீரை ஆவியாக்கி வெளியே விடுகிறது. நமக்கு வியர்ப்பதுபோலத்தான், அதனால் இலை குளிர்கிறது. மதுரையில் 40 டிகிரி அடிக்கிற மத்தியானத்தில் இலை விடுகிற வேகத்துக்கு வேரால் நீரை இழுத்துக் கொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். கத்திரி, பூசணி, பீர்க்கை மாதிரி அகல இலைச் செடிகளில் இது பளிச்சென்று தெரியும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால், மண்ணுக்குள் காற்று நிற்கும் இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. வேரும் மூச்சு விட வேண்டும். மண் சூடாக இருக்கும்போது அதற்குக் காற்று இன்னும் கூடுதலாகத் தேவை. மூச்சு முட்டிய வேரில் பூஞ்சை ஏறுகிறது. அழுகிய வேர் நீரை இழுக்காது, இலை மறுபடி வாடும். நாம் மறுபடி குடத்தைத் தூக்குவோம்.

ஆகவே செடியை மத்தியானம் பார்க்காதீர்கள், காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கிக் கிடந்தால்தான் பிரச்சினை. அது தண்ணீர் பற்றாத வாட்டமா, மிஞ்சிய வாட்டமா என்பதை விரல் சொல்லிவிடும். இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

ஊற்றுவதாக இருந்தால் ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். அடித்துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை நிதானமாக ஊற்ற வேண்டும். தினமும் மேலாக்கத் தெளித்துவிட்டுப் போனால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அங்கேதான் சூடும் அதிகம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த பையில் ஒரு தந்திரம் தேவை. அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். ஊற்றிய தண்ணீர் அந்த வழியே ஓடி வெளியே வந்துவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். முதலில் அரைச் செம்பு, பத்து நிமிடம் கழித்து மீதி என்று இரண்டு தவணையாக ஊற்றினால் உள்ளே இறங்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தேங்கிய தண்ணீர் பகலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதைச் செடிக்குப் பிடிக்காமல் வாளியில் விட்டு ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரின் தரமும் முக்கியம். நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. கோடையில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தொட்டியில் தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும். வெயிலில் கருகியது என்று நினைத்து நிழலுக்கு நகர்த்துவார்கள், ஒன்றும் மாறாது. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு விடுபவர்கள் நிறையப் பேர். சிக்கனம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் கூடுதல். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் தாராளமாக விடலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. கோடை மழை ஒன்று பெய்தால் தொட்டிகளை வெளியே இழுத்து நனையவிடுங்கள், தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும்.

மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகால் மூடிவைப்பது பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அலங்காநல்லூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கரும்புச் சோகை, இல்லையென்றால் வாழைச் சருகு, வேப்பஞ்சருகு. இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, தண்டை ஒட்டாமல் விரல் இடைவெளி விடுங்கள். தரையில் பாத்தி உள்ளவர்கள் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடி வைக்கலாம். மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும்.

நிழல்வலையில் நானே சூடுபட்டிருக்கிறேன். நர்சரி ஆரம்பித்த முதல் கோடையில் செலவை மிச்சப்படுத்த நாற்றுகளுக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் கறுப்பு வலையைக் கட்டினேன். அடியில் காற்றே ஓடவில்லை. மூன்றாம் நாள் மிளகாய் நாற்று முழுக்க வெந்து போயிருந்தது. வலை ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். காய்கறிக்குப் பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத வலைக்கு மேல் போக வேண்டாம். மேற்கு வெயிலை மறைத்தாலே பாதி வேலை முடிந்தது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியை வளர்த்து அதன் நிழலிலேயே கொடியை ஏற்றுவார்கள். மண்தரை இருக்கிற வீட்டில் மேற்கு ஓரமாக நாலு அகத்தி நின்றால் கீரையும் ஆச்சு, நிழலும் ஆச்சு.

ஆனால் தயவுசெய்து மல்லிகையை அந்த வலைக்குள் கொண்டுபோகாதீர்கள். "பூவே வரல, இலைதான் மண்டுது" என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, செடி எங்கே நிற்கிறது என்பதுதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லிக்கு இந்த வெயில்தான் சீசன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கோடையில் பூ குவிவது அதனால்தான். முழு வெயிலில் வைத்து, தண்ணீரை மட்டும் தட்டாமல் கொடுங்கள்.

வாடிய செடிக்குத் தெம்பு கொடுப்பதாக யூரியா போடுவதும் வேண்டாம். காய்ந்த மண்ணில் போட்ட உரம் வேரிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். கொஞ்சம் மண்புழு உரம் போதும். தொட்டி மாற்றுவது, கிளைகளை வெட்டிவிடும் பெரிய கவாத்து எல்லாம் மழை வரட்டும் என்று தள்ளிப்போடுங்கள். மிளகாய், ரோஜா இலையின் அடியில் தூசி மாதிரி தெரிந்தால் அது சிலந்திப்பேன். காலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து, பொழுது சாய்ந்த பிறகு மட்டும். வெயிலில் அடித்தால் இலை பொரிந்துவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்கள் அதில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

டீச்சரின் முப்பது பைகளில் பதினொன்று தேறியது. இந்த வருடம் மறுபடி கூப்பிட்டார், தக்காளிப் பூ எல்லாம் உதிர்கிறதாம். விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னார். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும், பூ நிற்காது. இதற்கு மருந்து கிடையாது.

"அப்ப என்னதான் போடுறது தம்பி?"

"வெண்டையும் கொத்தவரையும் போடுங்க டீச்சர். தக்காளிய ஆடில பாத்துக்கலாம்."