டிராயரில் கிடந்த கார்டு

கிறிஸ்தவ சபைகளின் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. போன மாதம் ஒரு சபை அலுவலகத்தில் பழைய ரசீதுப் புத்தகம் தேடி டிராயரை இழுத்தேன். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு வந்தது. புதிதாக வந்தவர்கள் நிரப்பிக் கொடுத்த கார்டுகள். மேலே இருந்ததில் பென்சில் எழுத்து: "ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறேன். யாரிடம் பேச வேண்டும்?" எழுதி ஐந்து மாதம் ஆகியிருந்தது. யாரும் பேசவில்லை. அதே ஐந்து மாத மினிட்ஸ் புத்தகத்தில் ஒலிபெருக்கி வாங்குவதற்கு மட்டும் நான்கு கூட்டங்கள். இப்படி நான் பார்த்த முதல் சபை இது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

செயலாளரிடம் காட்டினேன். "அது போதகர் பார்க்க வேண்டியது ஐயா. நாங்கள் நிர்வாகம்தானே" என்றார்.

இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நிர்வாகம் உலகக் காரியம், ஊழியம் ஆவிக்குரியது என்று யார் பிரித்துக் கொடுத்தது? பைபிளில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு விட்டுப்போனது. முழுக்க முழுக்க நிர்வாகக் கோளாறு. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேடியபோது, கணக்குத் தெரிந்தால் போதும் என்று அப்போஸ்தலர்கள் விடவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்றார்கள், ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கை வைத்தார்கள். அடுத்த வசனமே, சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்கிறது. பந்தி விசாரித்த அந்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்புதான் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். அந்த மந்திரி ராணியின் பொக்கிஷத்துக்குப் பொறுப்பாளர். கணக்கு பார்ப்பவன் என்பதால் எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

1 கொரிந்தியர் 12:28-இல் வரங்களின் வரிசையில் 'ஆளுகைகள்', அதாவது நிர்வாகம், என்று வருகிறதே, அதற்கான கிரேக்கச் சொல் கப்பலின் சுக்கான் பிடிப்பவரின் வேலையிலிருந்து வந்தது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கார்டு வந்தால் யார், என்றைக்குப் பேசப் போகிறார் என்பதை அந்த வாரமே அதன்மேல் எழுதுங்கள். கமிட்டியில் கட்டடப் பேச்சுக்கு முன்னால் புதியவர்களின் பெயர்களை வாசியுங்கள். காணிக்கையை, உறவில்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி அன்றே கையெழுத்துப் போடட்டும். "நம்ம பிரதர்தானே" என்று விடாதீர்கள். ஒருவரும் குற்றம் சொல்லக்கூடாது என்று பவுலே காணிக்கை விஷயத்தில் தன்னோடு வேறு ஆட்களையும் வைத்துக்கொண்டார். பணத்தில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால், அப்புறம் எந்தப் பிரசங்கமும் காதில் ஏறாது.

செயலாளர்களே, கெஞ்சிக் கேட்கிறேன். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் டிராயரைத் திறந்து பாருங்கள். கார்டு இருந்தால் போதகருக்காகக் காத்திருக்காமல் நீங்களே போன் போடுங்கள். முதலில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள்.