மணக்குடிக் காயலோரத்து உப்பு நிலம்: ஜிப்சத்துக்கு முன் வடிகால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் காயலை ஒட்டிய வயல்களும் தென்னை விளைகளும் (தோப்புகளும்) கடல் மட்டத்தைவிடச் சற்றே உயரம். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே பெயர்த்தது. ஆனால் உப்பு ஏற சுனாமி வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் வரத்து குறையும் கோடையே போதும்.

உப்பால் வெள்ளை பூத்த மண்ணைப் பார்த்ததும் ஜிப்சம் (மண்ணிலிருந்து சோடியத்தை விலக்கும் கால்சியத் தாது) வாங்கிவிடாதீர்கள். முதலில் 0-15, 15-30, 30-60 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்துச் சோதியுங்கள். நிறைசேற்றுச் சாற்றில் (மண்ணை நீரில் சேறாகக் குழைத்து வடித்த சாறு) உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேலும், கார அமிலநிலை (pH) 8.5க்குக் கீழும் இருந்தால் அது உவர் மண். அதற்கு ஜிப்சம் வேண்டாம், நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவினால் போதும். ஒரு எச்சரிக்கை: பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு நீர் கலந்து அளக்கின்றன. அதில் எண் குறைவாகத்தான் வரும். அந்த எண்ணை 4 உடன் ஒப்பிட்டு, மண் நலமென்று நம்பி நாற்று நட்டால் பயிர் கருகிவிடும்.

கழுவிய உப்பு வெளியேற வழி இல்லாவிட்டால் அடுத்த வெயிலில் மேலே வந்துவிடும். அதனால் வயலைச் சுற்றி 2 அடி ஆழமாவது வடிகால் வெட்டி, காயல் நீர் திரும்பி ஏறாதபடி வடிகாலின் வாய்ப்பகுதியில் பலகை மடை (திறந்து மூடும் பலகைத் தடுப்பு) வையுங்கள். காயல் மட்டம் இறங்கும்போது மட்டும் அதைத் திறக்க வேண்டும். பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்) மணலால் அடைபட்டிருக்கும் நாட்களில் மட்டம் இறங்காது. அப்போது நீர் கட்டிக் கழுவுவது வீண். ஒரு அடி மண்ணுக்குள் ஒரு அடி நீர் இறங்கினால் ஏறத்தாழ 80 சதவீத உப்பு போய்விடும். நமக்கு இரண்டு பருவமழை உண்டு. ஜூனுக்கு முன்பே வரப்பு உயர்த்தினால் இரண்டையும் பிடிக்கலாம்.

களிமண் வயல்களில் ஒரு சிக்கல் உண்டு. கரையும் உப்பு போன பிறகும் சோடியம் களித்துகள்களைப் பற்றி நிற்கும். மண் குழைந்து மேலே ஓடு கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது. கார அமிலநிலை 8.5ஐத் தாண்டிய இந்தக் கட்டத்தில்தான், சோதனை சொல்லும் அளவில், ஜிப்சம் தேவை. பிறகு பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் உப்பு தாங்கும்.

மணல் விளைகளில் ஜிப்சம் பெரும்பாலும் பண விரயம். அங்கே ஆபத்து கிணற்றில். மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதன் மட்டம் ஒரு அடி தாழ்ந்தால் உப்புநீர் எல்லை நாளடைவில் சுமார் 40 அடி உயரலாம். ஒரே ஆழ்துளையில் பெரிய மோட்டார் ஓட்டாமல், ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகளில் மாறி மாறிக் கொஞ்சமாக இறையுங்கள்.