பானையில் இருப்பது கீறல்

கீழடிப் பானை ஓடுகளைப் பற்றிய ஒரு காணொளியில் மூச்சுக்கு மூச்சு 'பழந்தமிழர் கிறுக்கல்கள்' என்கிறார்கள். ஆங்கில மூலத்தில் கிராஃபிட்டி என்று இருந்திருக்கும். அகராதியில் 'சுவர்க் கிறுக்கல்' என்று பார்த்திருப்பார்கள். சுவரை எடுத்துவிட்டுப் பானையைப் போட்டாயிற்று.

கிராஃபிட்டி இத்தாலியச் சொல். கீறுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் சுவர்களில் கீறியிருந்தவற்றுக்குப் பெயராகி, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நியூயார்க் ரயில் பெட்டிகளில் பெயிண்ட் பீய்ச்சியதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கிறுக்கலில் ஒரு வசவு இருக்கிறது: கை போன போக்கு, கவனமின்மை. ஆங்கிலத்தில் இதற்கே மூன்று சொற்கள். அவசரத்தில் காகித ஓரத்தில் போன் நம்பர் குறித்தால் ஸ்கிரிபிள். மருந்துச் சீட்டில் கோழி கிண்டியதுபோல் இருந்தால் ஸ்க்ரால். போன் பேசிக்கொண்டே பூவும் கட்டமும் போட்டால் டூடுல். இந்த டூடுலுக்கு 17ஆம் நூற்றாண்டில் முட்டாள் என்று பொருள். படம் போடும் பொருள் 1930களில்தான் பரவியது. ஆக டூடுலும் கிறுக்கலும் நல்ல ஜோடி. மாமல்லபுரத்துப் பாறையில் காதலி பெயரைச் சுரண்டுகிறவருக்கும் கிறுக்கலைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பானைக்குக் கொடுக்கக் கூடாது. சுட்ட ஓட்டில் கூரான முனையை அழுத்தி இழுத்தால்தான் கோடு விழும். கை தன்பாட்டுக்கு அலைய முடியாது. ஒரே உரு வெவ்வேறு ஊர்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 140 இடங்களிலிருந்து 15,000க்கு மேற்பட்ட ஓடுகளைத் திரட்டி, சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டு 2025இல் நூலாகவே வெளியிட்டது. கிறுக்கலுக்கா இத்தனை பாடு?

தொல்லியல்காரர்கள் 'குறியீடு' என்கிறார்கள். மரியாதையான சொல்தான், ஆனால் வழக்கு முடிவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறது. குறியீடு என்றால் எதையாவது குறித்தாக வேண்டும். குயவர் அடையாளமா, உடைமைக்காரர் அடையாளமா, எழுத்துக்கு முந்தைய வடிவமா என்ற வாதம் இன்னும் நடக்கிறதே! கீறல் எந்தப் பக்கமும் சாயாது. செய்த வேலையை மட்டும் சொல்லும், இத்தாலிய மூலத்தைப் போலவே. புது எவர்சில்வர் தட்டில் விழுவதும் கீறல்தானே என்பார்கள். சரி, 'கீறல் உரு' என்று வைத்துக்கொள்வோம். ஓலையில் எழுத்தாணியால் கீறியே எழுதிப் பழகிய மொழிக்கு இதில் என்ன கூச்சம்?

மொழிபெயர்ப்பவர்கள் படத்தையாவது ஒருமுறை பார்க்க வேண்டாமா? அதே காணொளியில் அடுத்து வந்த ஓட்டில் 'குவிரன் ஆதன்' என்று தமிழியில், அதாவது தமிழ் பிராமி எழுத்தில், தெளிவாக இருக்கிறது. ஆள் பெயர், அப்பட்டமான எழுத்து. அதற்கும் பின்குரல் கிறுக்கல் என்றே சொல்லிவிட்டுப் போகிறது.